சாணுக்குக் குறைந்த துண்டுகள்

எங்கள் வீட்டில் மரத்துண்டுகளுக்கென்று ஒரு சட்டம் இருந்தது. முழத்துக்கு மேல் நீளமிருந்தால் அது பலகை. கூரைக்குக் கீழே குறுக்குக் கம்புகளின்மேல் ஏறிப் படுத்துக்கொள்ளும். முழத்துக்கும் சாணுக்கும் நடுவில் இருந்தால் பெட்டிக்குப் போகும், அடுத்த தீபாவளிக்குள் எதற்காவது உதவினால் பிழைத்தது. சாணுக்குக் குறைந்தால் விறகு. சட்டம் போட்டவர் அப்பா. அதை அதிகமாக மீறியவரும் அவர்தான்.

அப்போது நாங்கள் ஃபிஜித் தீவில், சபேட்டோவில் இருந்தோம். அப்பாவுக்கு விமான நிலையத்தில் தச்சு வேலை. மாலையில் வீட்டுக்கு வந்து டீ குடித்த கையோடு பின்சுவரை ஒட்டிய தகரக் கொட்டகைக்குள் நுழைந்துவிடுவார். அதுதான் அவருடைய பட்டறை. முக்காலி, சாமி மாடம், பக்கத்து வீட்டுக் குழந்தைக்கு நடைவண்டி என்று யார் எது கேட்டாலும் செய்வார். செய்து முடித்ததும் பொருள் போய்விடும், மிச்சத் துண்டுகள் எங்களிடம் தங்கிவிடும்.

அம்மா ஆஸ்பத்திரியில் நர்ஸ். எதையும் துடைத்துக் கழுவி அதன் இடத்தில் வைக்கும் கை. அவளுக்கு அந்தக் கொட்டகையைப் பார்த்தாலே ஆகாது.

"பகல் பூரா அங்க பாத்த மரம் பத்தாதா? இங்க வந்தும் அதையே கட்டிக்கிட்டு அழணுமா?" என்பாள்.

"சிறு துரும்பும் பல் குத்த உதவும்" என்பார் அப்பா.

"வாயில இருக்கற பல்லு முப்பத்திரண்டு. இத்தினி துரும்பு எதுக்கு?"

அவர்கள் தங்களுக்குள் தமிழ் பேசியது சண்டைக்கும் சாமிக்கும் மட்டும்தான். மற்ற நேரமெல்லாம் வீட்டில் இந்தி. பட்டறையில் மட்டும் அப்பா என்னோடும் தமிழில் பேசுவார், சாணும் முழமும் இழைப்புளியும் அவருக்கு இந்தியில் வராது. ஆக என் தமிழில் பாதி தச்சுத் தமிழ், மீதி சண்டைத் தமிழ். இன்றைக்கும் அந்த இரண்டு காரியத்துக்கும் எனக்கு அந்த மொழி தாராளமாகப் போதும்.

அந்த வருஷம் பூர்வகுடி ஃபிஜியர்களின் ராணுவம் இரண்டு தடவை ஆட்சியைப் பிடித்தது. எல்லோரும் அதைக் 'கூ' என்றே சொன்னார்கள். இரண்டாவது கூ முடிந்ததும், ஞாயிற்றுக்கிழமை யாரும் வேலை செய்யக்கூடாது, அது கடவுளுடைய நாள் என்று ஓர் உத்தரவு வந்தது. பஸ் ஓடவில்லை, கடை திறக்கவில்லை. அண்ணன் மைதானத்தில் பந்து விளையாட முடியாமல் வீட்டுக்குள் எல்லோர் காலையும் மிதித்துக்கொண்டு திரிந்தான். அப்பாவுக்குக் கை கட்டிப்போட்ட மாதிரி ஆகிவிட்டது. சுத்தியல் சத்தம் சாலைவரை கேட்கும், ரம்பம் அதற்கு மேல். சத்தம் வராத வேலை என்று பார்த்தால் ஒன்றுதான் இருந்தது. துண்டுகளைப் பிரிப்பது.

இப்படித்தான் ஞாயிற்றுக்கிழமைகளில் நானும் அப்பாவும் கொட்டகையில் உட்கார்ந்து, எதை வைத்துக்கொள்வது, எதை விடுவது என்று நீதி வழங்க ஆரம்பித்தோம். எனக்கு ஒன்பது வயது.

சட்டம் சுலபம், தீர்ப்புத்தான் கஷ்டம். மகோகனி என்றால் அப்பாவுக்கு மனம் இளகிவிடும். "இது நல்ல சாதி மரம் பாப்பா" என்று சாணுக்குக் குறைந்ததையும் பெட்டியில் போடுவார். தூங்குமூஞ்சி மரத்துக்கு அந்தச் சலுகை கிடையாது. ஆணி இல்லாத கெட்டிக் கட்டைகள் மாரியம்மன் கோயில் தீமிதிக் குழிக்கென்று தனியாக அடுக்கப்படும். ஆணி எரியாது, தணலுக்குள் கிடந்து கூட்டிப் பரப்பும்போது மேலே வந்துவிடும், பக்தர் காலில் ஏறினால் பழி அம்மன்மேல் விழும். மருந்து ஏற்றிய பச்சை நிறப் பைன் துண்டு எதற்கும் ஆகாது. அதன் புகை விஷம். அது வேலிக்கு முளையாகப் போகும்.

எனக்கு வேண்டியவையோ சாணுக்குக் குறைந்த துண்டுகள்தாம். அவற்றை வைத்துக் கொட்டகையின் மூலையில் ஒரு விமான நிலையமே கட்டியிருந்தேன். ஓடுபாதை, கோபுரம், அப்பா வேலை செய்யும் இடம் எல்லாம் அதில் உண்டு. எரிக்கிற குவியலுக்கு ஒரு துண்டு போகும்போதெல்லாம் என் ஊரில் ஒரு வீடு இடிந்தது. அதனால் ஒரு வழி கண்டுபிடித்தேன். அப்பா அளக்குமுன் நானே என் கையால் அளந்தேன். என் சாண் அவருடைய சாணில் முக்கால்கூட வராது.

"இது ஒரு சாண் இருக்குப்பா" என்றேன்.

அப்பா என் கையைப் பார்த்தார், துண்டைப் பார்த்தார். "அளந்தது அளந்ததுதான்" என்று பெட்டியில் போட்டார். அன்றையிலிருந்து எங்கள் வீட்டில் இரண்டு சாண் அமலுக்கு வந்தது.

இதற்கு நடுவில் அம்மாவுக்கு நியூசிலாந்தில், ஆக்லாந்து ஆஸ்பத்திரி ஒன்றில் வேலை கிடைத்திருந்தது. அம்மாவின் அண்ணன் அங்கே ஏற்கெனவே போய்விட்டார், எங்களுக்கு வீடுகூடப் பார்த்து வைத்திருந்தார். கூவுக்குப் பிறகு இந்தியர்களுக்கு இங்கே எதிர்காலம் இல்லை என்று, அம்மாவோடு வேலை செய்தவர்களிலேயே பாதிப் பேர் போய்விட்டார்கள். அம்மா போவதென்று எப்போதோ முடிவு செய்துவிட்டாள். அப்பாதான் ஆற்றிலே ஒரு கால் சேற்றிலே ஒரு கால். எப்போது கேட்டாலும் "பாக்கலாம்" என்பார். அம்மா முதலில் கோபப்பட்டாள், பிறகு கெஞ்சினாள், பிறகு கேட்பதை விட்டுவிட்டாள். அவள் கேட்காமல் இருந்ததுதான் எனக்குப் பயமாக இருந்தது. அப்பா இல்லாமல் எங்கேயும் போவதாக இருந்தால் நான் போகமாட்டேன் என்று மனதுக்குள் தீர்மானம் செய்திருந்தேன். யாரும் என்னைக் கேட்கவில்லை என்பது வேறு விஷயம்.

அண்ணன்தான் ஒரு கணக்குச் சொன்னான். நியூசிலாந்துக்குப் போய் ரக்பி ஆடுவதென்று அவன் மனதளவில் ஏற்கெனவே விமானம் ஏறியவன். "மரம் போனாத்தான் மனுஷன் வருவாரு. பலகையெல்லாம் மேல இருக்கற வரைக்கும் நம்பாதே" என்றான். எனக்கு அது வேதவாக்காகப் பட்டது. அதன் பிறகு ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் முதலில் கூரையைத்தான் அண்ணாந்து பார்ப்பேன்.

எங்கள் வீட்டுக்கு மேலே, மலைப்பக்கம் இருந்த ஃபிஜியர் கிராமத்துக்காரர் ஒருவர் அப்பாவோடு விமான நிலையத்தில் வேலை செய்தார். அவரும் அப்பாவும் ஒருவரை ஒருவர் 'தவலே' என்று கூப்பிட்டுக்கொள்வார்கள். அவர்கள் பேச்சில் மைத்துனன் முறை அது. அப்படியென்றால் எங்களுக்கு அவர் மாமாதானே, மாமா என்றே கூப்பிட்டோம். ஞாயிற்றுக்கிழமை சர்ச் முடிந்து, வெள்ளைச் சட்டையும் டையுமாக எங்கள் வீட்டு வழியாகத்தான் திரும்புவார். கொட்டகை வாசலில் நின்று உள்ளே எட்டிப் பார்த்து, இது வேலைக் கணக்கில் வராது என்று எங்களுக்கு மன்னிப்பு வழங்குவார். உத்தரவுக்கும் அவருக்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை, ஆனாலும் கொஞ்சம் கூச்சப்பட்டார் என்று நினைக்கிறேன்.

ஒரு நாள் அவர் சிரிக்காமல் கேட்டார். "தவலே, தும் ஜாயேகா கி நஹி?"

போகிறாயா இல்லையா என்று இவ்வளவு நேராக அப்பாவிடம் யாரும் கேட்டதில்லை. அப்பா அன்றைக்கு "பாக்கலாம்" என்று சொல்லவில்லை. நாற்காலியின்மேல் ஏறி, கூரைக் கம்புகளிலிருந்து ஒரு டாகுவா மரப் பலகையை உருவி எடுத்தார். உங்கள் மகன் வீடு கட்டுகிறானே, எடுத்துக்கொள்ளுங்கள் என்றார். அடுத்து மகோகனி. அதற்கடுத்து, யாருக்கும் கொடுக்கமாட்டேன் என்று அம்மாவிடம் பல தடவை சண்டை போட்டுக் காப்பாற்றிய கதவுப் பலகை. ஒவ்வொன்றாக இறங்கிச் சுவரோரம் சாய்ந்துகொண்டே வந்தன. ஞாயிற்றுக்கிழமை பலகை சுமந்தால் அது நிச்சயமாக வேலை என்பதால், மறுநாள் விடியற்காலை மாமா குதிரையோடு வந்து கட்டி இழுத்துப் போனார்.

எனக்கு ஏற்பட்ட சந்தோஷம் கொஞ்சநஞ்சமல்ல. மரம் போய்விட்டது, மனுஷன் வருவார். அண்ணனிடம் சொன்னேன், பள்ளிக்கூடத்தில் சொன்னேன், கோயில் பூசாரியிடம்கூடச் சொன்னேன்.

அதற்கடுத்த ஞாயிற்றுக்கிழமைதான் நாங்கள் கடைசியாக உட்கார்ந்து பிரித்தது. கூரை வெறுமையாக இருந்தது. நடுத்தரத் துண்டுகளைக் கோயிலுக்கென்று சாக்கில் கட்டினோம். மிஞ்சியது என்னுடைய சின்னத் துண்டுகள். எல்லோரும் போகப்போகிறோம் என்ற தைரியத்தில் எனக்கும் பெரிய மனது வந்திருந்தது. என் விமான நிலையத்தை நானே கலைத்து அள்ளிக்கொண்டு வந்தேன்.

"இனிமே இது எதுக்குப்பா? எல்லாத்தையும் எரிச்சுடலாம்" என்றேன்.

"வேணாம், இருக்கட்டும்."

"ஒண்ணுமே ஒரு சாண் இல்லப்பா. என் சாணுக்கே வரல."

"பரவால்ல பாப்பா. இதான் சரியான அளவு."

இத்தனை நாளும் வாதாடிவந்த வழக்கில், நான் வாதாடாமலே தீர்ப்பு எனக்குச் சாதகமாக வந்துவிட்டது. என்மேல் உள்ள பிரியத்தால்தான் சட்டத்தையே மாற்றினார் என்று நினைத்தேன். வீட்டுக்குப் பின்னால், மழை படாத இடத்தில், விறகு அடுப்பை ஒட்டி அந்தத் துண்டுகளை அப்பா அடுக்க ஆரம்பித்தார். மகோகனி, தூங்குமூஞ்சி என்ற சாதி வித்தியாசம் பார்க்காமல் வரிசையாக இடுப்பு உயரத்துக்கு அடுக்கினார். நான் ஒவ்வொன்றாக எடுத்துக் கொடுத்தேன். ஒரு தடவை என் கையைப் பிடித்து, விரல்களை விரித்து, தன் கையின்மேல் வைத்து அளந்து பார்த்தார்.

அடுக்கி முடித்ததும் உள்ளே ஓடினேன். அம்மா தரையில் உட்கார்ந்து பாத்திரங்களைப் புடவைத் துணியில் சுற்றிப் பெட்டியில் வைத்துக்கொண்டிருந்தாள். கேஸ் அடுப்பைப் பெரியம்மாவுக்குக் கொடுத்தாகிவிட்டது.

"அப்பா மரத்தையெல்லாம் குடுத்துட்டாரும்மா. ஒண்ணுகூட இல்ல" என்றேன்.

"தெரியும். அந்தக் குப்பைத் துண்டெல்லாம்?"

"அத மட்டும் வச்சுக்கிட்டாரு. எனக்காக. அடுப்புகிட்ட அடுக்கி வச்சிருக்காரு, வந்து பாரேன்."

அம்மா எழுந்து வந்து பார்க்கவில்லை. கையிலிருந்த தட்டைச் சுற்றாமல் மடியில் வைத்துக்கொண்டாள். பிறகு பெட்டிக்குள் அடி வரைக்கும் கையை விட்டு, சுற்றி வைத்திருந்த ஒரு பொட்டலத்தை வெளியே எடுத்துப் பிரித்தாள். ஓர் ஆளுக்கு மட்டும் சோறு வடிக்கிற சின்னப் பானை. அதைப் புடவைத் தலைப்பால் உள்ளேயும் வெளியேயும் துடைத்து, பழையபடி அலமாரியில் கொண்டுபோய் வைத்தாள். ஒரு தட்டு, ஒரு தம்ளர், ஒரு கரண்டியையும் பக்கத்தில் வைத்தாள்.

பெட்டியில் இடம் போதவில்லை என்று நினைத்துக்கொண்டேன். அம்மாவைப் பார்க்கப் பாவமாக இருந்தது. வேண்டுமானால் என் கவுன் இரண்டை எடுத்துவிட்டு அந்தப் பானையை வைத்துக்கொள்ளலாமே என்றேன்.