வாய்தா வாங்கப் போனவர்

எட்டாம் வகுப்போடு என் படிப்பு நின்றது. வேளாங்கண்ணியில் லாட்ஜ் கூட்டினேன், குத்தாலத்தில் அரிசி ஆலையில் புடைத்தேன். ஓரிடத்தில் ஒரு வருஷம் தங்காத நான், தஞ்சாவூரில் ஒரு வக்கீல் ஆபீசில் மட்டும் இரண்டு வருஷம் இருந்தேன். வழக்குக் கட்டுகளை அடுக்கி எடுத்துக் கொடுக்கிற வேலை. என் மகன் அக்காள் வீட்டில் வளர்ந்தான். ஞாயிற்றுக்கிழமை போய்ப் பார்ப்பேன்.

அந்த ஆபீசில் ஒரு வழக்கம். மாலை ஏழு மணிக்குப் பெரிய வக்கீல் சாமி கும்பிட்டுவிட்டு மறுநாள் வழக்குகளின் கட்டுகளை ஜூனியர்களுக்குப் பிரித்துக் கொடுப்பார். அந்த நேரத்தில் நாற்காலியில் இருப்பவருக்குத்தான் கட்டு. ஐந்து ஜூனியர்களில் ஒருவர்தான் பெண், திருக்காட்டுப்பள்ளிக்காரர். ஆறேகாலுக்குப் பஸ் ஏறிவிடுவார். வீட்டில் ஒன்றரை வயதுக் குழந்தை. அதனால் அவருக்கு மிஞ்சுவது வாய்தா கட்டு. கோர்ட்டில் நின்று வழக்கைத் தள்ளி வைக்கச் சொல்லிவிட்டுத் திரும்ப வேண்டியதுதான்.

"வாய்தா வக்கீல் வந்தாச்சு, காபி சொல்லுங்கப்பா" என்பார்கள் மற்றவர்கள்.

குத்தகைக்காரர்களை நிலத்தை விட்டு வெளியேற்றக் கூடாது என்று சர்க்கார் சட்டம் போட்டிருந்தது. நிலச் சொந்தக்காரர்களான மிராசுதார்கள் விடுவதாயில்லை. அப்படி ஒரு குத்தகைக் குடும்பத்தின் வழக்கு. மனு முழுக்க அந்தத் திருக்காட்டுப்பள்ளி வக்கீலம்மா எழுதியது. 'நிலத்தை எங்கள் ஐயாவே சாகுபடி செய்தார்' என்று மிராசுதாரின் காரியஸ்தர் சாட்சி சொல்ல வந்தார். அவரைக் குறுக்கு விசாரணை செய்ய வேண்டிய ஜூனியருக்கு அன்று வேறு கோர்ட்.

"போய் வாய்தா வாங்கிட்டு வந்துருங்கம்மா" என்றார் பெரிய வக்கீல்.

வழக்கைக் கூப்பிட்டதும் வக்கீலம்மா எழுந்தார். "நாங்க தயாருங்கய்யா."

பின்னால் நின்ற நான் கட்டைப் பிரித்து நீட்டினேன்.

"நிலத்துக்கு எந்தப் பக்கத்து மடையில தண்ணி பாயுது?"

"கிழக்கு மடை" என்றார் காரியஸ்தர்.

"கிழக்க இருக்கறது வடிகால். தண்ணி வெளிய போற வழி. இதுகூடத் தெரியாமத்தான் உங்க ஐயா சாகுபடி பண்ணினாரா?"

காரியஸ்தர் துண்டால் முகத்தைத் துடைத்தார். "வரப்பை மிதிச்சிருந்தாத்தானே தெரியும்" என்றாள் குத்தகைக்காரரின் மனைவி. வழக்கை விசாரித்த அதிகாரி அவளை அதட்டினார். வாதத்துக்கு அடுத்த வாரம் தேதி விழுந்தது.

பெரிய வக்கீல் திட்டவில்லை, பாராட்டவும் இல்லை. வாதத்தையும் தானே செய்ய வேண்டும் என்று வக்கீலம்மா, அந்தத் தேதிக்கு முந்தின மாலை பஸ்ஸை விட்டுவிட்டு உட்கார்ந்தார். ஏழு மணி ஆயிற்று, ஏழரை ஆயிற்று. பெரிய வக்கீலைக் காணோம். குழந்தைக்குக் காலையிலிருந்து காய்ச்சல்.

"அக்கா, கட்டு எனக்குன்னு சொல்லிருங்க" என்று எழுந்து ஓடினார்.

பத்து நிமிஷத்தில் பெரிய வக்கீல் வந்தார். "ஐயா, வக்கீலம்மா இவ்வளவு நேரம் இருந்தாங்க" என்றேன்.

"இப்ப இருக்காங்களா?"

கட்டு, குறுக்கு விசாரணை அன்று வேறு கோர்ட்டுக்குப் போன ஜூனியருக்குப் போயிற்று. எடுத்துக் கொடுத்தது நான்தான்.

மறுநாள் காலையில் வக்கீலம்மாவிடம் சொன்னேன். அவர் பையிலிருந்து நாலு தாள் எடுத்தார். பஸ்ஸில் எழுதிய வாதக் குறிப்பு. எழுத்தெல்லாம் ஆடிக் கிடந்தது.

"இதைக் கட்டுல வெச்சிருங்கக்கா. அவருக்கு மடையும் தெரியாது, வடிகாலும் தெரியாது."

"உங்க பேரு வராதே."

"அந்த வீட்டுக்கு நிலம் நிக்கணுமில்ல?"

நானாக இருந்தால் கிழித்துப் போட்டிருப்பேன். தாள்களை உள்ளே வைத்து நாடாவை இழுத்தேன். இழுத்த வேகத்தில் அறுந்துவிட்டது. வேறு நாடா எடுத்துக் கட்டினேன்.