விரால் கடிக்க இரண்டு பேர்

பொம்மனஹள்ளிக்கு அப்பால் ஓர் ஏரி. மீன் பிடிக்கும் கஸ்தூரி அக்கா மெல்லத் துடுப்புப் போடுகிறார். படகின் பின்னால் இழுபடும் தூண்டில் நரம்பு என் கையில் இருக்கிறது. வேலைப் பயிற்சிக்கு வந்த இந்த ஊரில், ஞாயிற்றுக்கிழமை பேச எனக்கு யாருமில்லை.

“ஒண்டியாவா வந்தே?”

“எங்க வீட்ல நான்தான் முதல் பட்டதாரிக்கா. எங்கயும் ஒண்டியாத்தான் போவேன்.”

“போம்மா! படகு நின்னா விரால் கடிக்காது. தள்ள ஒரு ஆளு, புடிக்க ஒரு ஆளு வேணும். வூட்டுக்காரர் வரலைன்னா நானும் கரையிலதான். இன்னிக்கு அவருக்குப் பதிலா நீ இருக்கே.”

தூண்டில் நரம்பு சுண்டுகிறது. இழுத்தால், முழங்கை நீளத்துக்கு விரால்.

அதைப் பையில் போட்டு என்னிடமே தருகிறார். “வூட்ல குடு, கொழம்பு வெப்பாங்க.”

விடுதி அறையில் அடுப்பு இல்லையென்று சொல்லப் பிடிக்கவில்லை. “வெப்பாங்கக்கா,” என்கிறேன்.

பேருந்தில், என் மடியில், விரால் இன்னும் துடித்துக்கொண்டிருக்கிறது.