மச்சான் மூன்று முறை மாற்றிய ஆயில் சீல்

என் அக்கா புருஷனுக்கு லாரி ஷெட்டில் 'மோப்பம்' என்று பெயர். எனக்கு அவர் மச்சான். எந்த வண்டி வந்தாலும் முதலில் ஆயிலை விரலில் தொட்டு மூக்கருகே கொண்டுபோவார். கருகின வாசனையா, இரும்பு தேய்ந்த வாசனையா, தண்ணீர் கலந்த வாசனையா என்று அங்கேயே சொல்லிவிடுவார். "மோப்பத்துக்குச் சளி பிடிச்சா ஷெட்டுக்கே லீவு விடணும்" என்று டயர்க்காரர் கிண்டல் செய்வார். மச்சான் சிரிக்க மாட்டார். கோபமெல்லாம் இல்லை, சிரிக்கிற அளவுக்கு அவருக்கு ஓய்வு கிடைத்ததில்லை.

பதினெட்டு வயதில் வண்டிக்கு அடியில் போய்ப் படுத்தவர் ஐம்பத்தேழு வயதில்தான் எழுந்தார் என்று அக்கா சொல்வாள். அதுவும் தானாக எழவில்லை. போன வருஷம் ஒருநாள் காலையில் பல் விளக்கிக்கொண்டிருந்தபோது பிரஷ் கையிலிருந்து நழுவியது. குனிந்து எடுத்தார், மறுபடியும் நழுவியது. மூளையில் சின்ன அடைப்பு என்றார் டாக்டர். மூன்று வாரம் ஆஸ்பத்திரி. பேச்சு திரும்பியது, கால் திரும்பியது, வலது கை முக்கால்வாசி திரும்பியது. தோளுக்கு மேலே தூக்க வராது. இரண்டு விரல்களில் தொட்டால் தெரியாது, சூடும் தெரியாது, ஈரமும் தெரியாது.

அக்கா சும்மா இருப்பவள் இல்லை. நாலு பேரைப் பிடித்து, உதிரிபாகக் கடை ஒன்றில் உட்கார்ந்தபடி பார்க்கிற வேலைக்கு ஏற்பாடு செய்துவிட்டாள். நாற்காலி உண்டு, தலைக்கு மேலே மின்விசிறி உண்டு. வருகிறவனுக்கு எந்தச் சாமான் வேண்டும் என்று புரிந்துகொண்டு அலமாரியைக் காட்டினால் போதும். மச்சான் "பாக்கலாம்" என்றார். அவர் பார்க்கலாம் என்றால் மாட்டேன் என்று அர்த்தம். அவர் கை இனி வேலைக்கு ஆகுமா ஆகாதா என்பது ஒன்றுதான் அப்போது அந்த வீட்டின் பேச்சு. சாப்பிட உட்கார்ந்தால்கூட அக்கா அவர் தட்டைப் பார்க்க மாட்டாள், கையைத்தான் பார்த்துக்கொண்டிருப்பாள்.

அந்தச் சமயத்தில்தான் என் லாரி ரிப்பேர் போய் அவர் கழுத்தில் விழுந்தது.

நல்ல மழைக்காலம். மாட்டுத்தீவனம் ஏற்றிக்கொண்டு வந்துகொண்டிருந்தேன். ரயில் பாலத்துக்கு அடியில் இருக்கும் சுரங்கப்பாதையில் தண்ணீர் நிரம்பிக் கிடந்தது. சுற்றிப் போனால் அரை நாள். மச்சானுக்குப் போன் போட்டேன்.

"போகாத மாப்ள."

"போய்த்தான் ஆகணும் மச்சான்."

"அப்போ ஒரு மணி நேரம் நிறுத்திப் போடு. பின்னச்சு கொதிச்சுக் கெடக்கும். சூட்டோட தண்ணிக்குள்ள எறக்குனா உள்ள இருக்குற காத்து சுருங்கும். சுருங்குனா சீல் வழியா தண்ணிய உறிஞ்சிக்கும். ஆறட்டும், அப்புறம் போ."

கால் மணி நேரம் நின்றேன். அதற்கு மேல் பொறுமை இல்லை. பொறுமைக்குப் பதிலாக மூளையைப் பயன்படுத்துவதாக நினைத்துக்கொண்டு ஒரு காரியம் செய்தேன். கியர்பாக்ஸின் மேல் ஒன்று, பின்சக்கரங்களை இணைக்கிற பின்னச்சின் மேல் ஒன்று என்று லாரிக்குச் சின்ன மூச்சுக்குழாய்கள் உண்டு. பிரீதர் என்போம். வண்டி ஓடி ஓடிச் சூடாகும்போது உள்ளே விரிகிற காற்று அது வழியாகத்தான் வெளியே போகும். தண்ணீர் அது வழியாக உள்ளே போய்விடுமே என்று இரண்டின் மேலும் பாலிதீனைப் போட்டு, பழைய டியூப் ரப்பரால் இறுக்கிக் கட்டினேன். பிறகு இறங்கினேன். நடுவில் தண்ணீர் கதவுப் படி வரைக்கும் வந்தது. எப்படியோ அக்கரை சேர்ந்தேன்.

சேர்ந்ததும் கியர்பாக்ஸ் மேலிருந்த கட்டை அவிழ்த்தேன். பின்னச்சுக்குப் போக வேண்டுமானால் சேற்றில் படுக்க வேண்டும். அடுத்து எங்கேயாவது நிறுத்தும்போது பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டேன். அடுத்து நிறுத்திய இடத்தில் கொட்டுகிற மழை. மூட்டை இறக்கி, வீடு வந்து, ஒரு பகல் முழுக்கத் தூங்கி எழுந்தபோது என் நினைவில் இரண்டு கட்டும் அவிழ்ந்திருந்தன. உடம்பு அலுத்துவிட்டால் செய்ய நினைத்ததும் செய்து முடித்ததும் எனக்கு ஒன்றாகத்தான் தெரியும்.

மறுநாள் மச்சான் பின்னச்சின் திருகைக் கழற்றினார். பால் அதிகமாகிப்போன டீ மாதிரி ஆயில் வடிந்தது. மோந்து பார்த்தார். "குளத்தையே குடிச்சிருக்கு" என்றார். இரண்டு முறை அலசி ஊற்றி, புது ஆயில் விட்டு, சக்கரங்களின் உள்பக்கம் இரண்டு, நடுவில் ஒன்று என்று, ஆயில் கசியாமல் தடுக்கிற ரப்பர் வளையங்களான ஆயில் சீல் மூன்றையும் மாற்றினார். முன்பெல்லாம் டயர்க்காரரோடு பேசிக்கொண்டே மாட்டுவார். அன்றைக்கு இடது கையால் வலது மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு, சின்னச் சுத்தியலால் சுற்றிச் சுற்றித் தட்டி, ஒரு சீலை இறக்க முக்கால் மணி நேரம் எடுத்தார். சட்டை முழுக்க நனைந்துவிட்டது.

"பிரீதர எதையாவது வச்சு அடைச்சியா?"

"கட்டுனேன். அப்புறம் அவுத்துட்டேன்."

"ரெண்டையும்?"

"ரெண்டையும்தான் மச்சான்."

அப்போது அது பொய் என்று எனக்கே தெரியாது.

ஒன்பது நாளில் ஒழுகியது. பின்சக்கரத்தின் உள்பக்கமெல்லாம் ஆயில். பிரேக் ஷூ ஊறிப்போய், மிதித்தால் வண்டி ஒரு பக்கமாக இழுத்தது. மச்சான் கழற்றிய சீலை வெளிச்சத்தில் பிடித்து வெகுநேரம் திருப்பித் திருப்பிப் பார்த்தார். கிழிசல் இல்லை. தேய்மானம் இல்லை.

"மாப்ள, அந்தச் சந்துக்குள்ள வலது கைதான் போகும். எனக்கு மேல எட்டாது. நீ உள்ள படுத்துக் கைய விட்டு, பிரீதர் சுத்தமா இருக்கான்னு பாத்துச் சொல்லு."

முதல் நாள் முழுக்க வண்டி ஓட்டியிருந்தேன், இடுப்பு விட்டுப்போயிருந்தது. அடியில் போய்ப் படுத்தேன். கையை மேலே நீட்டினேன், ஏதோ மண்கட்டி தட்டுப்பட்டது. அதற்கு மேல் நகரச் சோம்பல். "சுத்தமா இருக்கு மச்சான்" என்றேன். இது பொய். தெரிந்தே சொன்னது. இதனால் என்ன ஆகிவிடும் என்று நினைத்தேன்.

இரண்டாம் முறை மாற்றிய சீல் இரண்டு வாரம் தாங்கியது. வண்டி மூன்றாம் முறையாக ஷெட்டுக்குள் நுழைந்தபோது டயர்க்காரர் கிண்டல் எதுவும் செய்யாமல் வேறு பக்கம் திரும்பிக்கொண்டார். மச்சானுக்கு அதைவிட வேறு என்ன வேண்டும், முகம் கறுத்துவிட்டது. அப்போது நான்தான் வாயைத் திறந்தேன்.

"மாட்டும்போது கை கொஞ்சம் சாஞ்சிடுச்சோ என்னமோ மச்சான்."

சுத்தியலைக் கீழே வைத்தார். "இருக்கும்" என்றார். பிறகு சுத்தியலை எடுத்துக்கொண்டு மூன்றாம் முறையும் மாட்டினார். மாட்டியதும் என்னைக் கூப்பிட்டு, சுற்றிலும் மட்டமாக இருக்கிறதா என்று பார்க்கச் சொன்னார். மட்டமாகத்தான் இருந்தது. அதைச் சொன்னபோது அவர் நம்பினாரா என்று தெரியவில்லை.

அதுவும் மூன்று வாரத்தில் ஒழுகியது. போனில் சொன்னேன். "சரி மாப்ள. வர்ற திங்கக்கிழமைலேருந்து கடைக்கு வர்றேன்னு சொல்லிட்டேன்" என்றார். ஸ்பானர்களையெல்லாம் மண்ணெண்ணெயில் கழுவித் துடைத்துப் பெட்டியில் அடுக்கிவிட்டாராம். அக்கா போனை வாங்கி, "நீ ஒருத்தன்தான்டா அவரு மூஞ்சிக்கு நேரா சொன்ன. இல்லன்னா கேட்டிருக்கவே மாட்டாரு" என்று எனக்கு நன்றி சொன்னாள். நானும் வாங்கிக்கொண்டேன்.

வேறு ஷெட்டில் காட்டுவதற்கு முன் கழுவிவிடலாம் என்று வெள்ளிக்கிழமை வண்டியை வாட்டர் சர்வீஸுக்கு விட்டேன். அடியில் தண்ணீர் அடித்துக்கொண்டிருந்தவர் தலையை வெளியே நீட்டி, "அண்ணே, அச்சு மேல என்னமோ சுத்தி வச்சிருக்கீங்களே" என்றார்.

உள்ளே போய்ப் படுத்தேன். இந்த முறை முழுசாகக் கையை விட்டேன். சேறு கழன்ற இடத்தில் என் டியூப் ரப்பர், நான் போட்ட முடிச்சு. கத்தியால் அறுத்ததும் புஸ்ஸென்று காற்று சீறியது. முகத்தில் ஆயில் தெறித்தது. துடைக்கத் தோன்றாமல் அப்படியே கிடந்தேன். ஒன்றரை மாதமாக உள்ளே சூடேறின காற்று போக வழியில்லாமல் ஆயிலைச் சீல் வழியாகத் தள்ளிக்கொண்டிருந்திருக்கிறது. எந்தக் கொம்பன் மாட்டியிருந்தாலும் அந்தச் சீல் ஒழுகத்தான் செய்திருக்கும்.

சக்கரத்தின் உள்பக்கத்தைத் துடைத்து, சீல் எதையும் மாற்றாமல், சனிக்கிழமை முழுக்க லோடோடு ஓட்டினேன். ஒழுகவில்லை. ஓட்டும்போதெல்லாம் ஒரே யோசனை. சொல்லாமலே விட்டுவிட்டால் என்ன? அக்காவுக்கு நிம்மதி. மச்சானுக்கு மின்விசிறிக் காற்று. அந்த மனுஷனும் களைத்துத்தான் போயிருக்கிறார். எனக்கும் நல்ல பெயர் மிஞ்சும். இதையே திரும்பத் திரும்ப எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். ஆனால் ஞாயிற்றுக்கிழமை மதியம் வண்டியை நேராக அவர்கள் தெருவில் கொண்டுபோய் நிறுத்திவிட்டேன். மனசாட்சி என்றெல்லாம் பெரிதாகச் சொல்ல மாட்டேன். தனியாகச் சுமக்க முடியவில்லை.

அக்கா மறுநாளைக்கு அவர் போட வேண்டிய சட்டையைத் தேய்த்துக்கொண்டிருந்தாள். மச்சான் பேப்பரை இடது கையில் பிடித்துப் படித்துக்கொண்டிருந்தார். வலது கை மடியில் கிடந்தது. உட்காராமலே எல்லாவற்றையும் சொன்னேன். கட்டியது, ஒன்றை மட்டும் அவிழ்த்தது, பார்க்காமலே பார்த்தேன் என்றது. மென்று முழுங்காமல் சொன்னேன்.

அக்கா முகத்தில் எள்ளும் கொள்ளும் வெடித்தது. "டேய், ஒரு மாசமா இந்த மனுஷன் கண்ணாடி டம்ளரத் தொடலடா. கீழ போட்ருவேன், கை போயிடுச்சுன்னு சொல்லிட்டு எவர்சில்வர் டம்ளர்லதான் தண்ணி குடிக்கிறாரு."

மச்சான் பேப்பரை மடித்தார். "வண்டி எங்க நிக்குது?"

"தெருவுலதான்."

வீட்டில் போட்டிருந்த துணியோடே வந்து, சாக்கை விரித்து, அடியில் நகர்ந்தார். நானும் பக்கத்தில் படுத்தேன். பழக்கத்தில் வலது கைதான் முதலில் சக்கரத்தின் உள்பக்கம் போனது. விரலைத் தேய்த்துப் பார்த்துவிட்டு, "இந்த விரல்ல எனக்குத் தெரியாது. ஈரமா இருக்கா, காஞ்சிருக்கா, நீ பாரு" என்றார்.

தொட்டேன். சுற்றிலும் தடவினேன். "காஞ்சிருக்கு மச்சான். சொட்டுக்கூட இல்ல."

"தொட்டுப் பாத்தியா?"

"தொட்டுத்தான் பாத்தேன்."

சிரமப்பட்டு ஒருக்களித்துத் திரும்பி, இடது கையைக் கொண்டுவந்து அதே இடத்தைத் தானே தடவினார். நகர்ந்து போய் அந்தப் பக்கத்துச் சக்கரத்தையும் தடவினார். எனக்குச் சுருக்கென்றது. பதினைந்து வருஷமாக என் வண்டியைப் பார்க்கிறார், நான் தொட்டுச் சொன்னதை அவர் மறுபடி தொட்டுப் பார்த்தது அதுவரை நடந்ததில்லை.

வெளியே வந்து உட்கார்ந்தார். வலது கையை விரித்துப் பார்த்தார். "சீல் நல்லாத்தான் உக்காந்திருக்கு" என்றார். அவர் முகம் கொஞ்சம் தெளிந்திருந்தது. எனக்கு உயிர் வந்தது.

"அப்போ நாளைக்கு ஷெட்டுக்கு வந்துடுங்க மச்சான்."

"இல்ல மாப்ள. கடைக்கே போறேன்."

"கைதான் நல்லா இருக்கே."

"கை நல்லாத்தான் இருக்கு. கை எட்டாத எடத்துக்கு உன்னத்தானே வச்சிருந்தேன்."

கோபமாகச் சொல்லவில்லை. அவர் முதுகெல்லாம் தெரு மண் ஒட்டியிருந்தது. தட்டிவிடலாம் என்று கையை நீட்டினேன். அதற்குள் அவர் வீட்டுக்குள் போய்விட்டார்.