மாஸ்டரம்மா செய்த லாரி

பள்ளிச் சீருடை தைக்கும் அந்தக் கம்பெனியில் அவளுக்கு மாஸ்டரம்மா என்று பெயர். துணி வெட்டும் நீள மேசையில் அவள் சாக்பீஸால் இழுத்ததுதான் கோடு. கத்தரி அவள் கையில் ஏறிவிட்டால் சூப்பர்வைசர்கூட இரண்டடி தள்ளி நின்றுதான் பேசுவார்.

அவள் வீட்டுக்காரருக்கு லாரி ஸ்டாண்டில் ரேடியோ என்று பெயர். வாய் ஓயாத மனிதர். வீட்டுக்குள் நுழைந்து செருப்பைக் கழற்றும்போதே ஆரம்பித்துவிடுவார். எந்த மேட்டில் வண்டி திணறியது, எந்த செக்போஸ்டில் எவன் முறைத்தான், முன்னால் போன பஸ்காரன் எப்படி வழிவிடாமல் உயிரை எடுத்தான் என்று எல்லாம் வரும். அவள் பொத்தான் வைத்துக்கொண்டே ‘ம்’ கொட்டுவாள். மகளைக் கட்டிக்கொடுத்த பிறகும் அந்த ஏற்பாடு மாறவில்லை. பேச்சு அவர் பங்கு, ‘ம்’ இவள் பங்கு.

ஒரு நாள் காலையில் பல் துலக்கிக்கொண்டிருந்தவர் அப்படியே சுவரைத் தேய்த்துக்கொண்டு சரிந்தார். ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பி வந்தபோது வலது கையும் காலும் சொன்ன பேச்சைக் கேட்கவில்லை. வாயில் மிச்சமிருந்தது ஒரே ஒரு வார்த்தை.

“சரி.”

பசித்தாலும் சரிதான், வலித்தாலும் சரிதான். ஃபேனைப் போடு என்பதற்கும் அதுதான், நிறுத்து என்பதற்கும் அதுதான். கோபம் வந்தால் “சரி சரி சரி!” என்று கத்துவார். தெருவில் போகிறவர்கள், எவ்வளவு அடங்கிய புருஷன் என்று நினைத்துக்கொண்டு போவார்கள்.

பேச்சுப் பயிற்சிக்கு வந்த பெண் பொறுமையாகத்தான் சொன்னாள். “நாம சொல்றது அவருக்குப் பெரும்பாலும் புரியுதும்மா. உள்ள வார்த்தை இருக்கு. வெளிய வர வழிதான் அடைச்சிருக்கு. ஆனா தலையாட்டறதையும் முழுசா நம்பிடாதீங்க. ஆமான்னு நினைச்சுக்கிட்டே இல்லைன்னு ஆட்டிடுவாரு.”

“அப்ப எதைத்தாங்க நம்பறது?”

“நல்லாப் பழகின பொருளைக் கையில குடுங்க. பேரைச் சொல்லுங்க. எதாவது ஒண்ணு பிடிகுடுக்கும்” என்றாள் அந்தப் பெண்.

மாஸ்டரம்மா சீப்பைக் கொடுத்தாள். மூக்குக்கண்ணாடி, துண்டு, டார்ச் லைட் என்று வீட்டில் கைக்கு அகப்பட்டதையெல்லாம் கொடுத்தாள். அவர் வாங்கி மடியில் வைத்துக்கொண்டு ஜன்னலுக்கு வெளியே பார்த்தார். எதிர்ப்பக்கம் மேசை நாற்காலிக் கடை. அங்கே சரக்கு இறக்க எப்போதாவது லாரி வரும். வந்தால் மட்டும் அவர் முதுகு நிமிரும். அதைப் பார்த்துத்தான், அவர் பிறந்தநாளுக்கு ஒரு மரலாரி செய்துவிடுவது என்று முடிவுகட்டினாள். கடையில் விற்கிற பிளாஸ்டிக் லாரி ஒன்றுகூட அவர் ஓட்டிய வண்டி மாதிரி இல்லை. இறுக்கிப் பிடித்தால் நசுங்கிவிடும் போலவும் இருந்தது.

கம்பெனிக்குப் புது மிஷின் வந்த மரப்பெட்டி கொல்லையில் கிடந்தது. பலகைகளைக் கேட்டு வாங்கினாள். சாப்பாட்டு நேரத்தில் பழைய காகிதத்தில் பேட்டர்ன் வெட்டினாள். முகப்பு, கதவு, பின்பக்கத் தொட்டி என்று சட்டைக்கு வெட்டுவது போலவே தனித்தனியாக. தையல் பெண்கள் சுற்றி நின்று பார்த்தார்கள்.

“மாஸ்டரம்மா, இதுக்குக் காலர் உண்டா?”

“உனக்கு வேலை இல்லைன்னா சொல்லு, பாக்கெட்டும் வைக்கறேன்.”

விடுமுறை நாளில் ரம்பத்தை எடுத்து அறுத்தாள். அறுத்து முடித்து ஒன்றோடொன்று வைத்துப் பார்த்தால் எல்லாப் பக்கமும் துருத்திக்கொண்டு நின்றது. கொஞ்ச நேரம் புரியாமல் உட்கார்ந்திருந்தவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. ஆயுள் முழுக்க வந்த பழக்கம், மரத்துக்கும் தையலுக்கு ஓரம் விட்டு வெட்டியிருக்கிறாள்! மறுபடி அறுத்தாள். ஆணி அடித்தால் பலகை பிளந்தது. எதிர்க்கடைக்காரர் எட்டிப் பார்த்து, “முதல்ல துளை போடுங்கம்மா, அப்புறம் ஆணி” என்று தன் துளைபோடும் மிஷினையே கொடுத்தார். உடைந்த மேசைக்கால் ஒன்றை வட்டம் வட்டமாக நறுக்கிச் சக்கரத்துக்கும் தந்தார். முகப்புக்கு நீலம் அடித்தாள், அவர் ஓட்டிய வண்டியின் நீலம். எல்லாம் சமையலறைக் கதவுக்குப் பின்னால் நடந்தது. அவர் சத்தம் கேட்டு “சரி?” என்றால், “ஒண்ணுமில்ல, ஷெல்ஃப் ஆடுது” என்பாள்.

பிறந்தநாளன்று சீருடைத் துணியில் சுற்றிக் கொண்டுவந்து மடியில் வைத்தாள். பிரித்துப் பார்த்தவர் முகம் மலர்ந்தது. அப்படி ஒரு முகத்தை அவள் பார்த்து வெகுநாளாகியிருந்தது. இடது கையால் லாரியைத் தொடைமேல் உருட்டினார். முழங்காலில் ஏற்றினார், இறக்கினார். “சரி” என்றார்.

பிறகு லாரியைத் திருப்பிப் பார்த்தார். விரல், முகப்புக்கும் தொட்டிக்கும் நடுவில் போய் நின்றது. அந்த இடத்தைத் தட்டினார். “சரி.”

“என்னங்க, ஆணி குத்துதா?”

“சரி சரி.” மறுபடியும் தட்டினார்.

ஏதோ குறைகிறது, அது மட்டும் புரிந்தது. அவர் வண்டியில் அங்கே ஒரு பெட்டி இருந்ததே என்று நினைவு வந்து டீசல் டாங்க் செய்து ஒட்டினாள். அவர் அதை விரலால் தடவிப் பார்த்துவிட்டு அதே இடத்தைத் தட்டினார். கண்ணாடி வைத்தாள். மாற்றுச் சக்கரம் மாட்டினாள். தார்ப்பாய் தைத்தாள், அதில் மட்டும் தையல் ஒழுங்காக வந்தது. ஒவ்வொன்றையும் ஆசையாகத்தான் பார்ப்பார். பார்த்துவிட்டு விரல் அங்கேயே போகும்.

அவரோடு வெகுகாலம் வண்டிகளைக் கழற்றி மாட்டிய மெக்கானிக் நண்பரை வரச்சொன்னாள். அந்த நண்பருக்குத் தெரியாமல் யாருக்குத் தெரியும்?

“டூல்ஸ் பெட்டியா அண்ணே? பேட்டரியா? ஏணியா?” மெக்கானிக் ஒரு லாரியில் இருக்கிற அத்தனையையும் வரிசையாகச் சொல்லிப் பார்த்தார். எல்லாவற்றுக்கும் ரேடியோ தலையை ஆட்டினார். மேலும் கீழும் ஆட்டினார், பக்கவாட்டிலும் ஆட்டினார். மெக்கானிக்கின் குரல் உடைந்தது. “எங்கிட்டே விடிய விடியப் பேசின மனுஷன்க்கா” என்று வாசலில் வந்து சொல்லிவிட்டுப் போனார். அதன் பிறகு அவர் வரவில்லை.

மகள் வந்தபோது வேறு யோசனை சொன்னாள். “அப்பா கையில பென்சிலைக் குடும்மா. வரையட்டும்.”

இடது கையால் நாக்கைத் துருத்திக்கொண்டு வரைந்தார். ஒரு கோடு வளைந்து, நெளிந்து, தன்னையே சுற்றிக்கொண்டு நின்றது.

“கயிறாப்பா? ரோடா? ஓட்டைன்னு சொல்றீங்களா? யாராவது ஆளா?”

“சரி! சரி!” என்று காகிதத்தைக் குத்தினார். பென்சில் முனை உடைந்தது. இருவரும் காகிதத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்கள். எப்படித் திருப்பினாலும் அது ஒரு கோடுதான்.

கயிறு திரித்துக் கட்டினாள். இல்லை. துணியில் சின்னதாக ஒரு ஆள் தைத்து உட்காரவைத்தாள். அதுவும் இல்லை. அந்த ஆளைப் பிடுங்கிப் போட்டுவிட்டு அவர் லாரியைக் கட்டில் சட்டத்தில் ஓங்கி இடித்தார். சக்கரம் கழன்று உருண்டது.

அன்று அவளுக்குப் பொறுமை போய்விட்டது. “என்னதான் வேணும் உங்களுக்கு? நானும் மனுஷிதானே? வேலைக்கும் போயிட்டு, உங்களையும் பாத்துக்கிட்டு... சொல்லித் தொலைங்களேன்!”

சொல்லி முடிப்பதற்குள் உதட்டைக் கடித்துக்கொண்டாள். அவர் வாயைத் திறந்தார். உதடு எதற்கோ குவிந்தது. கழுத்து நரம்பு புடைத்தது. வந்தது அதே வார்த்தைதான். அது வந்ததும் அவரே திகைத்துப்போய், இடது கையால் தன் வாயைப் பொத்திக்கொண்டு அழுதார். அவள் கீழே உட்கார்ந்து அவர் முழங்காலைக் கட்டிக்கொண்டாள். “நான் ஒரு கூறுகெட்டவ. மன்னிச்சிருங்க. நீங்க ஒண்ணும் சொல்ல வேணாம்.”

சக்கரத்தை மறுபடி மாட்டிக் கொடுத்தாள். அவர் லாரியை உருட்டினார். அந்த இடத்தைத் தட்டவில்லை.

மறுநாளும் தட்டவில்லை. அதற்கு அடுத்த நாளும் இல்லை. முதலில் அவளுக்குப் பாரம் இறங்கியது போல இருந்தது. போகப்போக அதுவே பயமாகிவிட்டது. விடுமுறை நாளில் பலகையையும் ரம்பத்தையும் கொண்டுவந்து அவர் பக்கத்தில் வைத்தாள்.

“காட்டுங்க. எங்கன்னு காட்டுங்க. இன்னைக்குச் சத்தம் போட மாட்டேன்.”

அவர் அவளைப் பார்த்தார். லாரியின் கூரையைத் தடவிக் கொடுத்தார். பிறகு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

மகள் போனில் கேட்டாள். “இப்ப சண்டை போடறதில்லையா? அப்ப நல்லதுதானேம்மா?”

“நல்லதான்னு தெரியலடி. நான் வெச்சதுல எதாவது ஒண்ணு அவருக்குப் போதும்னு ஆயிருச்சா, இல்ல இவளுக்குப் புரியவே போறதில்லைன்னு விட்டுட்டாரா? யார்கிட்டப் போய்க் கேப்பேன்?”

“அப்பாகிட்டயே கேளும்மா.”

“கேட்டேன்.”

மாஸ்டரம்மா போனை வைத்துவிட்டு அவர் அருகில் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தாள். லாரியைத் தன் மடிக்கு எடுத்துக்கொண்டாள். முகப்பில் விரலை வைத்து அவர் முகத்தைப் பார்த்தாள். கதவில் வைத்துப் பார்த்தாள். டாங்க், கயிறு, தார்ப்பாயின் ஓரம், தொட்டி, சக்கரம் என்று ஒவ்வொரு இடமாக, தெருவில் விளக்கு எரியத் தொடங்குகிற வரைக்கும் விரலை நகர்த்திக்கொண்டே இருந்தாள். அவர் முகம் எங்கேயும் மாறவில்லை.