தம்பிக்காகத் தட்டிய சிவப்பு முட்டை

ஹோர்சன்ஸில் இருக்கும் தமிழரில் கிரேக்கம் தெரிந்தவன் நான் ஒருவன்தான். டென்மார்க் முழுவதிலும் என்று சொன்னாலும் மறுக்க ஆளில்லை. ஏழாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன். கிரேக்கக் கப்பலில் எஞ்சின் அறை துடைத்த காலத்தில், குசினியில் கிடந்த ஒலிவ் எண்ணெய்த் தகரங்களில் எழுத்துக்கூட்டிப் படித்தேன். பிறகு பழைய பத்திரிகைகள், பிறகு அவர்களுடைய பாட்டுகள். இங்கே வந்து இறைச்சித் தொழிற்சாலையில் தரை கழுவி, சொந்தக் கடை போட்டு, வீடு வாங்கிய பின்பும் அந்த மோகம் விடவில்லை. பட்டம் படித்தவர்கள் டெனிஷில் நாக்குப் புரளாமல் நின்றபோது நான் கிரேக்கத்தில் பகிடி விட்டுக்கொண்டிருந்தேன்.

கப்பலில் இருந்து லீவில் ஊருக்குப் போகும்போதெல்லாம் தம்பிக்கு நாலு சொல் சொல்லிக்கொடுப்பேன். அவனுக்குப் பிடித்தது ‘பினாவோ’. பசிக்கிறது என்று அர்த்தம். அம்மாவுக்கு விளங்காது என்ற சந்தோஷத்தில், அடுப்படியைப் பார்த்து அதைச் சொல்லிச் சிரிப்பான்.

யுத்தம் முடியப்போகிறது என்று எல்லாருக்கும் தெரிந்திருந்த அந்த மாதங்களில், தம்பி வன்னியிலிருந்து ஒருமுறை போன் எடுத்தான். யாரோ ஒருவருடைய சற்றலைட் போன், பின்னால் வரிசையில் சனம். மனைவி பிள்ளைகள் பக்கத்தில் நிற்கிறார்கள், எல்லாரும் சுகம் என்றான். பிறகு அதே குரலில், ஏதோ வானிலை சொல்வதுபோல,

“அண்ணை, பினாவோ,” என்றான்.

லைன் போய்விட்டது. அதற்குப் பிறகு அழைப்பு இல்லை. என் மனைவி குளிக்கப் போனாலும் போனைக் கொண்டுபோனாள்.

அப்படி இருக்கும்போதுதான் கிரேக்க ஈஸ்டர் வந்தது. ஹோர்சன்ஸில் கிரேக்கச் சாப்பாட்டுக்கடை வைத்திருந்தவன் என் கூட்டாளி, அவனும் பழைய கப்பல்காரன். ஒவ்வொரு ஈஸ்டருக்கும் மத்தியானம் கடைக் கதவைச் சாத்திவிட்டு, சிவப்புச் சாயம் தோய்த்த அவித்த முட்டைகளோடு உட்காருவோம். ஒருவர் முட்டையின் நுனியால் மற்றவருடையதில் தட்டவேண்டும். உடையாத முட்டைக்காரனுக்கு அந்த வருஷம் நல்லது நடக்கும் என்பது அவர்கள் நம்பிக்கை. நான் அவனிடம் தோற்றதே கிடையாது. முட்டையை முன்பல்லில் மெதுவாகத் தட்டினால் ஓட்டின் தடிப்பு சத்தத்திலேயே தெரியும். கப்பல் சமையல்காரன் காட்டித்தந்த வித்தை.

பெரிய வெள்ளிக்கிழமை அவனிடம் போய், இந்த வருஷம் தம்பிக்காகத் தட்டப்போகிறேன், என் முட்டை உடையாவிட்டால் அவன் உயிரோடு இருக்கிறான் என்றேன். ஒரு மனுசனை முட்டையில் வைக்காதே என்று திட்டினான். நான் எப்போது தோற்றிருக்கிறேன் என்று கேட்டுவிட்டு வந்தேன். வீட்டிலும் அதையே சொன்னேன். ஞாயிற்றுக்கிழமை சப்பாத்துப் போடும்போது மனைவி வாசலில் வந்து நின்றாள்.

“தோத்தால் என்ன முகத்தோடை வருவியள்?”

சப்பாத்துக் கயிற்றை இறுக்கிக் கட்டிக்கொண்டு இறங்கிப் போனேன்.

வழக்கமாக முட்டையை நானே தட்டில் பார்த்து எடுப்பேன். அன்று கூட்டாளி தானே ஒன்றை எடுத்து என் கையில் வைத்தான். பல்லில் தட்டினேன். ஓட்டின் சத்தம் இல்லை. மரம். நன்றாக இழைத்துச் சிவப்பு அடித்த மரமுட்டை. நான் நிமிர்ந்து பார்க்க, அவன் யன்னலுக்கு வெளியே சைக்கிளில் போகிறவர்களைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

“தட்டு,” என்றான் கிரேக்கத்தில்.

அதை வைத்துவிட்டு வேறொன்றை எடுத்திருக்கலாம். கை தட்டுப் பக்கம் போகவில்லை. தட்டினேன். அவனுடைய முட்டை நொறுங்கி வெள்ளை தெரிந்தது. உன் தம்பி இருக்கிறான் என்று அவன் சொன்னான். மரமுட்டையைச் சட்டைப்பைக்குள் போட்டுக்கொண்டு எழுந்தேன்.

வீட்டுக்கு வந்து அதை மனைவியின் கையில் கொடுத்தேன். உள்ளங்கையில் வைத்துப் பாரம் பார்த்தாள், நகத்தால் ஒருமுறை சுண்டினாள், மரச் சத்தம் கேட்டது. சாமிப்படங்கள் இருந்த தட்டில் விளக்குக்குப் பக்கத்தில் வைத்தாள்.

அடுத்த மாதம் எல்லாம் முடிந்தது. முகாமிலிருந்து தம்பியின் மனைவி எடுத்தாள். சண்டையின் கடைசி நாட்களில், கஞ்சி கொடுக்கிறார்கள் என்று கேள்விப்பட்டு, பிள்ளைகளுக்கு வாங்கப் பாத்திரத்தோடு போனவனாம். திரும்பி வரவில்லை. உடலைக் கண்டவரும் இல்லை.

ஹொல்ஸ்டெப்ரோவிலிருந்து சொந்தக்காரர் வந்தார்கள். தம்பிக்கு அந்தியேட்டிக் கிரியையைச் செய்துவிடு, ஆத்மாவை அலையவிடாதே என்றார் மூத்தவர். நான் வாய் திறப்பதற்குள் குசினியிலிருந்து மனைவி வந்தாள்.

“அது இன்னும் உடையேல்லை. உடையட்டும், பிறகு பாப்பம்.”

எது என்று கேட்டார்கள். நான் சாமித் தட்டைக் காட்டி, கிரேக்கருடைய வழக்கத்தை முதலில் இருந்து விளக்கினேன்: சிவப்பு ஏன், எப்படித் தட்டுவது, உடையாவிட்டால் என்ன. எனக்குத் தெரிந்த அளவு யாருக்கும் தெரியாது, அதனால் நீளமாகவே சொன்னேன். மூத்தவர் எழுந்து, எங்கே தா பார்ப்போம் என்று கையை நீட்டினார்.

சாமித் தட்டை மறித்து நின்ற மனைவி கொடுக்கவில்லை.