கார்ட் இல்லாத நம்பர்

மெல்பனில் இருக்கும் மகன் அனுப்பிய புதுப் போனில் சிம் போடும் இடமே இல்லை. "இனி கார்ட் இல்லாத ஈ-சிம்தான் அம்மா. கடைக்குப் போனீங்களெண்டா அஞ்சு நிமிஷ வேலை" என்றான். தூரத்தில் இருப்பவர்களுக்கு எல்லாமே ஐந்து நிமிஷ வேலைதான்.

யாழ்ப்பாண ஆஸ்பத்திரியில் அக்காவுக்கு வெள்ளிக்கிழமை இருதய ஒபரேஷன். என்னால் வர முடியாது என்று நான் சொன்னதில் எங்களுக்குள் மனத்தாங்கல். ஒபரேஷனுக்கு முன்பு புதுப் போனில் முகம் பார்த்துக் கதைக்கலாம் என்று, புதன்கிழமை காலையிலேயே போன் கம்பனியின் வெள்ளவத்தைக் கிளைக்குப் போனேன்.

சுவர் முழுக்கப் போனைப் பார்த்துச் சிரிக்கும் குடும்பங்களின் படங்கள். டோக்கனோடு முக்கால் மணித்தியாலம் காத்திருந்த எங்களில் ஒருவர்கூடச் சிரிக்கவில்லை. கவுன்டரில் இருந்த பிள்ளை, நான் பதினாறு வருஷம் வைத்திருந்த நம்பரை நகத்தளவு கார்டிலிருந்து நீக்கி, கறுப்பு வெள்ளைச் சதுரமொன்றாகத் திரையில் காட்டினாள். போனை அதன்முன் பிடித்தேன். பாதியில் கடையின் வைஃபை நின்றது. மறுபடி பிடித்தால், குறியீடு ஏற்கெனவே பாவிக்கப்பட்டுவிட்டது என்று வந்தது.

"ஆர் பாவிச்சது?"

"நீங்கதான் ஆன்ட்டி."

"அப்ப ஏன் வேலை செய்யேல்ல?"

"சிஸ்டம் அப்பிடித்தான் காட்டுது. நாளைக்கு வாங்க, புதுசு எடுத்துத் தாறன்."

"அதுவரைக்கும் பழைய சிம்மைப் பழைய போனில போட்டுத் தாங்கோ."

"அது கட் ஆகிட்டு ஆன்ட்டி."

சிஸ்டம் என்பவர் எந்தக் கவுன்டரில் இருக்கிறார் என்று கேட்க நினைத்து, விட்டுவிட்டேன். வாசலில் காவலாளி, சேவை எப்படி என்று ஒரு முகப்படத்தை அழுத்தச் சொன்னார். அழுகிற முகத்தை அழுத்தினேன். "மிக்க நன்றி" என்று வந்தது.

பின்னேரம் கீழ்வீட்டுக்காரரின் போனில் அக்காவுக்கு எடுத்தேன். அத்தான்தான் பேசினார். "ஒபரேஷனை இண்டைக்கே வைச்சிட்டினம். மத்தியானத்தில இருந்து உமக்கு அடிக்கிறம். உள்ள கொண்டுபோக முதல் உம்மோட ஒரு சொல்லுக் கதைக்க வேணுமெண்டு நிண்டவ."

அவர் அடித்த நேரமெல்லாம், ஆயிரம் சங்கதி செய்யத் தெரிந்த அந்தப் போன் என் மேசையில் பளபளத்துக்கொண்டு கிடந்திருக்கிறது. மணியடிக்க மட்டும் அதற்குத் தெரியவில்லை.

அக்கா பிழைத்துவிட்டாள். மறுநாள் நம்பரும் வந்தது. ஞாயிற்றுக்கிழமை கரகரத்த குரலில் கதைத்தாள்.

"நீ கோவத்தில போனை நிப்பாட்டிப்போட்டாய் எண்டு நினைச்சுக்கொண்டுதான் உள்ள போனனான்."

"இல்லையக்கா, சிம் மாத்தினனான்" என்றேன்.

சொல்லும்போது எனக்கே அது பொய்போலக் கேட்டது.