பௌர்ணமிக்குப் பிறகு வெட்டிய திராட்சை

அடி அண்ணாமலையில் கிரிவலப் பாதையை ஒட்டி அத்தைக்கு ஒரு ஏக்கர் பன்னீர் திராட்சைப் பந்தல் இருந்தது. மாமா இறந்தபின், பந்தலைப் பிரித்துவிட்டு நிலத்தைக் குத்தகைக்கு விடச் சொல்லி எல்லோரும் அவரை நச்சரித்தார்கள். போன வருடம் ஒரு ஒயின் ஆலைக்காரர் வந்து பார்த்தார். பழம் சரியாக இருந்தால் இனி வருடா வருடம் எடுத்துக்கொள்வதாகச் சொன்னார். அவர் எடுத்தால் பந்தல் இருக்கட்டும், இல்லாவிட்டால் பிரித்துவிடுவது என்று அத்தை முடிவு செய்தார்.

நான் உணவுத் தொழில்நுட்பம் படித்தவள். வேங்கிக்காலிலிருந்து தினமும் காலையில் ஸ்கூட்டரில் போய்ப் பழத்தைச் சோதித்தேன். நோட்டில் நான்கு கட்டங்கள்: சர்க்கரை, புளிப்பு, நிறம், இரவு வெப்பம். சர்க்கரை வேகமாக ஏறிவிட்டது. நிறம்தான் ஏறவில்லை. ஒரே கொத்தில் கறுப்புப் பழங்களுக்கு நடுவே சிவப்பும் பச்சையுமாக நின்றன.

பௌர்ணமிக்கு முந்தின நாள், வெட்டிவிடலாம் என்றார் அத்தை. பௌர்ணமி வந்துவிட்டால் பாதையில் வண்டி விடமாட்டார்கள். கூட்டம் கலைந்து லோடு வண்டி உள்ளே வர மூன்று நாளாகும்.

“கலர் இன்னும் வரல அத்தை. பௌர்ணமி போகட்டும்.”

“பொண்ணு பாக்க வந்தவங்க மாதிரி கலரு கலருங்கற. இனிப்பு ஜாஸ்தியாவே இருக்குது. கலர் வரும்னு நிச்சயமா தெரியுமா உனக்கு?”

“தெரியும் அத்தை.”

தெரியாது. என்னிடம் இருந்த அட்டவணை இரவில் குளிரும் ஊர்களுக்கானது. எங்கள் ஊரில் அந்த மாதம் விடிகாலையில்கூடச் சுவர்களில் சூடு ஆறவில்லை. இரவு குளிராவிட்டால் நிறம் பிடிக்காது, பழத்தின் புளிப்பும் குறைந்துகொண்டே போகும். இதைப் பரீட்சையில் எழுதி மதிப்பெண்ணும் வாங்கியிருக்கிறேன். நான்காவது கட்டத்தைத் தவறாமல் நிரப்பினேன். ஆனால் நிறத்தை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தேன்.

மூன்றாம் நாள் வெட்டினோம். பச்சைப் பழங்கள் அப்படியே இருந்தன. ஆலைக்காரர் இரண்டு பழத்தை வாயில் போட்டார், கருவியில் சாறு விட்டுப் பார்த்தார். இனிப்பு இருக்கிறது, புளிப்பு போய்விட்டது, இதில் ஒயின் சப்பென்று இருக்கும், நாள்பட நிற்காது என்றார். பௌர்ணமிக்கு முன்பு என்றால் கலர் கம்மியாக இருந்தாலும் எடுத்திருப்பாராம். அதையும் மரியாதையாகத்தான் சொன்னார். அத்தை அவருக்கு மோர் கொடுத்து அனுப்பினார். பழம் டவுன் கடைகளுக்குப் போனது.

அடுத்த மாதம் பந்தலைப் பிரித்தார்கள். நானும் போயிருந்தேன். அத்தை கம்பியைச் சுருட்டிக்கொண்டிருந்தார். முன்ன மாதிரி இல்லை அத்தை, ராத்திரியெல்லாம் சூடு, அதனால்தான் இப்படி ஆகிவிட்டது என்று ஆரம்பித்தேன்.

“சூட்டுக்கு நீ என்னம்மா பண்ணுவ” என்றார். சுருட்டுவதை நிறுத்தவில்லை. “தெரியலன்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா, அன்னிக்கே நான் வெட்டியிருப்பேன்.”

பிறகு, கம்பியின் மறுமுனை தரையில் இழுபடுகிறது, தூக்கிப் பிடி என்றார். பிடித்துக்கொண்டு நின்றேன்.